மாப்பிள்ளை போட்ட நட்சத்திரம்

பால் புட்டியைக் குழந்தையின் வாயில் வைப்பதற்கு முன்னால் என் மாப்பிள்ளை அதைத் தலைகீழாகத் திருப்பி, அடியில் பொடி எழுத்தில் என்ன போட்டிருக்கிறது என்று படிக்கிறார். மூன்று மாதமாக அதே புட்டிதான். பேத்தி கத்திக் கத்தி வீட்டை இரண்டாக்குகிறாள்.

"பிள்ளை பசியில கத்துது, குடுங்க மாப்பிள்ளை."

"ஒரு நிமிஷம் மாமா. மேல இருக்கிறதை யாரு வேணும்னாலும் எழுதலாம். அடியில பாத்தாத்தான் விஷயம் தெரியும்."

சொல்லி முடிப்பதற்குள் இரண்டு சொட்டு பால் அவர் மூக்குக் கண்ணாடியில் விழுந்துவிடும்.

சட்டக் கல்லூரியில் பாடம் நடத்துகிறார். சட்டத்தைப் பற்றிக் கட்டுரைகளும் எழுதுகிறார். நான் ஐந்தாவது வரைக்கும்தான் படித்தவன்; முப்பத்தைந்து வருடம் பஸ் பட்டறையில் கழற்றி மாட்டியவன். ஒருநாள் அவர் கட்டுரையைப் புரட்டிப் பார்த்தேன். பக்கத்தின் மேலே நாலு வரி. கீழே முப்பது வரி, எறும்பு ஊர்ந்தது போல. வண்டியைவிட ஜாக்கி பெரிதாக இருந்தால் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது.

மேலே ஒரு சொல்லுக்குப் பக்கத்தில் நட்சத்திரம் போடுவார். அது எங்கிருந்து வந்தது என்று அடியில் எழுதுவார். மாணவர்கள் அவருக்கு வைத்த பெயரே நட்சத்திரம்தான். வீட்டிலும் அந்தக் கை நிற்பதில்லை. கடைக்குப் போகும் சீட்டில் 'சோப்பு' என்று எழுதி நட்சத்திரம் போட்டு, அடியில் 'சென்ற முறை மாமா வாங்கி வந்தது வேண்டாம்' என்று எழுதியிருந்தார். குழந்தைக்கு ஒரு நோட்டு வைத்திருக்கிறார். என் பேத்தி முதன்முதலாகச் சிரித்தது என்னைப் பார்த்துத்தான். இதை நான் தெரு முழுக்கச் சொல்லிவிட்டேன். நோட்டில் என்ன இருக்கிறது தெரியுமா? 'காலை 10.20, சிரித்தாள்.' பக்கத்தில் நட்சத்திரம். அடியில்: 'மாமா சொன்னது. நேரில் பார்த்தவர் வேறு எவரும் இல்லை.'

வகுப்பில் அவருக்கு ஒரே கேள்விதான்: "திறந்து பாத்தியா?" ஒரு தீர்ப்பைப் பற்றி எழுதினால் அந்தத் தீர்ப்பையே திறந்து படித்திருக்க வேண்டும். அடுத்தவன் எழுதியதைப் பார்த்து எழுதினால் முட்டைதான்.

எட்டு வருடத்துக்கு முன் அவர் எழுதிய கட்டுரை ஒன்றுதான் அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது. வாடகை வீட்டுக்குள் வீட்டுக்காரர் நுழைய வேண்டுமானால், ஏழு நாள் முன்னால் எழுதித் தெரிவிக்க வேண்டும் என்று ஒரு பழைய தீர்ப்பில் நீதிபதி சொல்லியிருக்கிறாராம். அதைத் தோண்டி எடுத்தவர் இவர். பிறகு பத்தொன்பது பேர் அதையே தங்கள் கட்டுரைகளில் எடுத்து எழுதிவிட்டார்கள். பத்தொன்பது என்ற கணக்கை எனக்கே நாலு தடவை சொல்லியிருக்கிறார்.

போன மாதப் பரீட்சையில் ஒரு மாணவி, 'அந்த வரியை நீதிபதி சொல்லவே இல்லை' என்று எழுதிவிட்டாள். மாப்பிள்ளை சிவப்பு மையில் முட்டை போட்டு, 'பத்தொன்பது பேருக்கும் கண் தெரியாதா?' என்று எழுதி அனுப்பினார். அவள் விடவில்லை, மறுபடி பார்க்கச் சொல்லி மனு கொடுத்தாள். கடைசி நாளன்று மாலை ஐந்து மணிக்குள் முடிவு சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் அவளுக்கு ஒரு வருடம் போய்விடும்.

அன்று காலையில் வேலைக்குக் கிளம்பிக்கொண்டே என் மகள் கேட்டாள்: "நீங்க திறந்து பாத்தீங்களா?"

"நான்தானே எழுதினேன்!"

"அதனாலதான் கேக்கறேன். இப்ப பாத்தீங்களா?"

மாப்பிள்ளை சட்டைப் பொத்தானைப் போட்டார், கழற்றினார், மறுபடி போட்டார். மூன்று மணிக்குத்தான் கிளம்பினார்; குழந்தையைத் தூக்கிக்கொண்டு நானும் கூடவே கல்லூரி நூலகத்துக்குப் போனேன்.

நூலகத்து அம்மா வாசலிலேயே மறித்தார். "சார், கைக்குழந்தைக்கு அனுமதி இல்லை."

"எந்த விதியில இருக்கு?"

"அமைதியா இருக்கணும்னு விதி."

"அவ தூங்குறா" என்றார் மாப்பிள்ளை. "இங்க படிக்கிறவங்களைவிட அமைதியா இருக்கா."

அந்த அம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு வழிவிட்டார்.

மாப்பிள்ளை தலையணை கனத்துக்கு ஒரு புத்தகத்தை இறக்கித் தூசி தட்டினார். படித்தார். பக்கத்தைத் திருப்பினார். மறுபடி முன்பக்கம் வந்தார். காது மடல் இரண்டும் சிவந்து போயின.

"என்ன மாப்பிள்ளை, இருக்கா?"

"இருக்கு மாமா." குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "தீர்ப்புல முதல்ல ரெண்டு பக்க வக்கீலும் என்ன சொன்னாங்கன்னு எழுதுவாங்க. கடைசியிலதான் நீதிபதி தன் முடிவைச் சொல்வாரு."

"சரி. ஏழு நாள்னு சொன்னது யாரு?"

"வக்கீல்."

"எந்த வக்கீல்?"

"தோத்த வக்கீல்."

"அப்ப நீதிபதி?"

"அதெல்லாம் தேவையில்லைன்னு அடுத்த பக்கத்துலயே சொல்லிட்டாரு. நான் அடுத்த பக்கம் போகல."

"அந்தப் பத்தொன்பது பேரு?"

"என்னைப் பாத்து எழுதினாங்க மாமா."

எனக்குச் சிரிப்பில் வயிறு குலுங்கிவிட்டது. அந்தக் குலுக்கலில் பேத்தி விழித்துக்கொண்டு நூலகமே அதிரும்படி ஒரு கத்துக் கத்தினாள். மூன்று பேரையும் வெளியே அனுப்பினார்கள். இந்தத் தடவை மாப்பிள்ளை விதி கேட்கவில்லை.

நேராக அலுவலகம். மதிப்பெண்ணைத் திருத்த ஒரு பதிவேடு உண்டு. பழைய மதிப்பெண், புது மதிப்பெண், காரணம், கையெழுத்து, சாட்சி என்று கட்டம் போட்டிருக்கிறது. அங்கிருந்த எழுத்தர் கொட்டாவியோடு அதைத் தள்ளினார்.

"கூட்டல் பிழைன்னு போடுங்க சார். எல்லாரும் அதான் போடுவாங்க. மேல பாருங்க."

மேலே பார்த்தார். காரணக் கட்டத்தில் உச்சியிலிருந்து கூட்டல் பிழை, கூட்டல் பிழை, கூட்டல் பிழை. கணக்கு வராத கல்லூரி போலிருக்கிறது.

"இதை யாரு படிப்பாங்க?" என்று மாப்பிள்ளை கேட்டார்.

"முதல்வர் மேஜைக்குப் போகும் சார். வேற காரணம் எழுதினா எல்லாருமே படிப்பாங்க."

மாப்பிள்ளை பேனாவைத் திறந்தார். மூடினார். பேத்தி என் தோளில் விக்கிக்கொண்டிருந்தாள். கடிகாரத்தில் நாலே முக்கால். எட்டு வருடப் பெயரும் பத்தொன்பது பேரும் அந்தக் கட்டத்துக்குள் அடங்குமா என்று பார்ப்பது போலக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு அந்த மாணவிக்கு முழு மதிப்பெண் போட்டார். காரணக் கட்டத்தில் ஒரே ஒரு நட்சத்திரம்.

"சார், அடியில எழுத இடமே இல்லையே."

"விஷயம் அங்கதாங்க இருக்கு."

பக்கத்தின் அடியில், ஓரத்தில், பொடி எழுத்தில் எழுதினார்: 'மாணவி தீர்ப்பைத் திறந்து பார்த்தார். நான் பாதி படித்துவிட்டு எழுதினேன்.' கீழே தன் பெயர், தன் கட்டுரை, வருடம், பக்கம். எதையும் விடவில்லை.

எழுத்தருக்குக் கொட்டாவி நின்றுவிட்டது. சாட்சிக் கட்டத்தில் கையெழுத்துப் போடத் தன் பேனாவைத் தேடினார்.

"நீங்க வேண்டாம்" என்றார் மாப்பிள்ளை.

"ஆபீஸ் ஆளுதான் போடணும் சார்."

"எந்த விதியில இருக்கு?" என்று கேட்டுவிட்டு, என் தோளிலிருந்து குழந்தையை வாங்கிக்கொண்டு, பதிவேட்டை என் பக்கம் திருப்பி வைத்து, மூடி கழற்றிய பேனாவை நீட்டினார். "மாமா போடட்டும். அவருதான் நேர்ல பாத்தவரு."