ஆடிக்கு முன் ஒரு நல்ல நாள்

என் அப்பாவின் காய்ச்சலை நான் மறைத்தேன். மாத்திரை கொடுத்து மறைத்தேன்! இன்று வரை என் கணவருக்கும் தெரியாது. உங்களிடம்தான் முதலில் சொல்கிறேன்.

அப்பாவுக்கு எழுபத்தெட்டு வயது. ரயில்வேயில் பிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அம்மா போனபின் ஸ்ரீரங்கத்தில் எங்களோடு இருந்தார். சிறுநீரகத்தில் பெரிய கல். அறுவை செய்துதான் எடுக்க வேண்டும் என்றார் திருச்சி டாக்டர். ஒன்றை மட்டும் என்னிடம் இரண்டு முறை சொன்னார்.

“வயசானவங்க. உள்ளே கிருமி இருக்கறப்போ கல்லைத் தொட்டா ரத்தத்துல பரவிடும். லேசா காய்ச்சல்னாலும் சொல்லிடுங்க, ஒரு வாரம் தள்ளிக்கலாம்.”

தள்ளுவதா! பஞ்சாங்கம் பார்த்து நாள் குறித்தவளே நான். அதை விட்டால் அஷ்டமி, நவமி... பிறகு ஆடி பிறந்துவிடும்.

அறுவை நாளன்று விடியற்காலை சட்டை மாட்டும்போது அப்பாவின் உடம்பு கொதித்தது. நூற்றொரு டிகிரி. வெறும் வயிற்றோடு இருந்தவரை ஒரு மடக்குத் தண்ணீரில் மாத்திரையை விழுங்க வைத்தேன்.

“டாக்டர்கிட்ட சொல்லிடலாமேம்மா.”

“ஒண்ணுமில்லப்பா, வெறும் சூடு.”

ஆட்டோ காவிரிப் பாலத்தைத் தாண்டும்போதே அவருக்கு வியர்த்துவிட்டது. முந்தானையால் துடைத்துவிட்டேன். எவ்வளவு நிம்மதி எனக்கு!

“தாத்தா, ரெண்டு நாளா காய்ச்சல் ஏதாச்சும் இருந்துச்சா?” என்று கேட்டாள் நர்ஸ்.

அப்பா என்னைப் பார்த்தார். வேண்டாம் என்று நான் தலையை லேசாக ஆட்டினேன். முடுக்காத போல்ட்டை முடுக்கினேன் என்று ஒருவன் சொன்னால் ரயிலே கவிழ்ந்துவிடும் என்று ஆயுள் முழுக்கச் சொன்ன மனிதர் அவர்.

“இல்லம்மா,” என்றார்.

அப்படியே உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள்.

பஞ்சாங்கமா காரணம்? இல்லை... எனக்குச் சலித்துவிட்டது. அவருடைய முனகல், கழிவறைக்குத் தாங்கிப் பிடித்துப் போவது, நனைந்த வேட்டியை அலசுவது... அன்றோடு முடிந்தால் போதும் என்றிருந்தது. பெற்ற அப்பாவின் மேல் சலிப்பு என்று வாய்விட்டுச் சொல்ல முடியுமா? நல்ல நாள் என்று சொல்லிக்கொண்டேன்.

கல்லை எடுத்துவிட்டார்கள். மாலையே உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. அப்புறம் அவர் கண் விழித்து யாரிடமும் பேசவில்லை. மூன்றாம் நாள் போய்விட்டார்.

“எல்லாம் சரியாத்தானே இருந்துச்சு... வயசுதான் தாங்கலை,” என்று டாக்டர் தலை குனிந்தார். என் சித்தப்பா அவரை வாய்க்கு வந்தபடி ஏசினார். நான் வாயைத் திறந்தேனா? அழுதுகொண்டு நின்றேன். அந்த அழுகை மட்டும் பொய்யில்லை...

போன வாரம் பக்கத்து வீட்டுப் பெண் வந்தாள். அவள் மாமியாருக்கும் அதே கல், அதே வயது.

“லேசா சுட்டாக்கூட மறைக்காம சொல்லிடு,” என்று அவளுக்குப் புத்தி சொன்னேன்.

“பயமா இருக்குக்கா. உங்க அப்பாவுக்கு அப்போ காய்ச்சல் இருந்துச்சா?”

சொல்லிவிடத்தான் வாயெடுத்தேன். சத்தியமாகச் சொல்லிவிடத்தான்...!

“இல்லம்மா,” என்றேன்.