சங்கரம்மாள் அவிழ்த்த துணி

கோவில்பட்டியில் எட்டயபுரம் சாலையோரம் இன்ஜின் ஆயில் கடை நடத்திய சங்கரம்மாள் எட்டாவது வரைதான் படித்தவர். புது பீப்பாய் திறக்கும்போதெல்லாம் ஒரு சிறு பாட்டிலில் மாதிரி பிடித்து, தேதி எழுதி அடுக்கிவிடுவார்.

2001 ஆடியில் இடைசெவல் கிராமத்து விவசாயி தங்கப்பாண்டி டிராக்டரைக் கடை முன் நிறுத்தி, எதிர் டீக்கடைக்கும் கேட்கும்படி கத்தினார்.

"கலப்பட ஆயிலை வித்துட்டியே தாயி! அறுவது மணி நேரங்கூட ஓடல, தார் மாதிரி ஆயிட்டு!"

அது இருநூற்றைம்பது மணி நேரம் தாங்க வேண்டிய எண்ணெய். வாங்க வந்த இருவர் அப்படியே திரும்பிப் போனார்கள். சங்கரம்மாள் அந்தப் பீப்பாயின் மாதிரியை எடுத்து வெயிலில் காட்டினார். தேன் நிறம், தெளிவு.

"வண்டிய ஸ்டார்ட் பண்ணுங்க அண்ணாச்சி."

இன்ஜின் ஓடத் தொடங்கியதும் சங்கரம்மாள் குனிந்து பார்த்தார். இன்ஜின் மூச்சுவிடும் குழாயின் வாயில் வேட்டித் துணி சுற்றி, கம்பியால் இறுக்கியிருந்தது.

"இத யாரு கட்டுனது?"

கூட வந்திருந்த டிரைவர் செல்லத்துரை பெருமையாகவே சொன்னான். "நாந்தான்க்கா. ஆடிக்காத்துல கரிசல் தூசி உள்ள போயிரும்லா."

துணியை அவிழ்த்ததும் புஸ்ஸென்று புகை சீறியது.

"உள்ள இருந்து ஊதுத வாய்க்குள்ள தூசி எப்படிடே போவும்?"

டீசல் எரியும்போது கொஞ்சம் வாயு பிஸ்டன் வளையங்களின் இடுக்கில் நழுவி, கீழே எண்ணெய் கிடக்கும் தொட்டிக்குள் இறங்கும். எந்த இன்ஜினிலும் இது உண்டு. அந்த வாயுவில் கரி இருக்கிறது, நீராவி இருக்கிறது, அமிலமாக மாறும் புகையும் இருக்கிறது. குழாய் திறந்திருந்தால் பெரும்பகுதி வெளியே போய்விடும். அடைத்தால் எல்லாம் எண்ணெயில்தான் தங்கும். கரி அதைக் கூழாக்கும். அமிலம் இரும்பை அரிக்கும். சங்கரம்மாள் இதைப் பொறுமையாகச் சொல்லி முடித்தார்.

"பேச்சு நல்லாத்தான் இருக்கு" என்றார் தங்கப்பாண்டி.

"அதே பீப்பாய் ஆயிலத்தான் ஊத்துதேன். குழாயத் திறந்து வச்சு இருநூத்தம்பது மணி ஓட்டிட்டு வாங்க. கூழாச்சுன்னா கடைய நானே பூட்டுதேன்."

கூழை வழித்து, ஃபில்டரை மாற்றி, அதே எண்ணெயை ஊற்றினார். பழையதில் ஒரு சொட்டைத் தாளில் வைத்துக் காய விட்டார்.

ஐப்பசியில் டிராக்டர் வந்தது. எண்ணெய் மாற்றியபின் ஓடியது இருநூற்று ஐம்பத்திரண்டு மணி நேரம். இன்ஜினிலிருந்து ஒரு சொட்டு எடுத்து, அதே தாளில் பழையதன் பக்கத்தில் வைத்தார். பழையது பரவாமல் நடுவில் கட்டியாக உட்கார்ந்திருந்தது. புதியது கறுப்புதான், ஆனால் கூழாகாததால் ஓரம்வரை சீராகப் பரவியது.

"நீ சொன்னது சரிதான் தாயி" என்று முனகினார் தங்கப்பாண்டி.

"அன்னைக்கு இருந்த சத்தம் எங்கன போச்சு அண்ணாச்சி? டீக்கடைக்குக் கேக்கல."

தங்கப்பாண்டி சிரித்துவிட்டார். துண்டைத் தோளில் சரிசெய்து, சாலை நடுவில் போய் நின்றார்.

"ஏ, எல்லாரும் கேட்டுக்கிடுங்க! ஆயில் சுத்தம்! எங்க துணிதான் கலப்படம்!"

சங்கரம்மாள் சிரிக்கவில்லை. தாளில் தேதி எழுதி, வாசலுக்கு நேராகச் சுவரில் ஒட்டிவிட்டு, அடுத்த பீப்பாயைத் திறந்தார்.