கழுவி வைத்த முட்டைகள்

துறைமுக ஊருக்கு நர்ஸாக மாற்றலாகி வந்த முதல் வருஷம், பிரசவ ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இருந்த குவார்ட்டர்ஸில் தனியாக இருந்தேன். யுத்த காலம். ஊரில் எனக்குத் தெரிந்தவர்கள் எல்லோரும் என்னிடம் பிள்ளை பெற்றுக்கொண்டவர்கள். பிறகு கடைத்தெருவில் பார்த்தால் சிரிப்பார்கள், அத்தோடு சரி. விடுமுறை நாளில் ஒரு வார்த்தைகூடப் பேசாமல் பொழுது சாய்ந்துவிடும். குரல் இருக்கிறதா என்று பார்க்க ஒருமுறை கனைத்துக்கொள்வேன்.

அதனால்தான் மூன்று கோழிகள் வாங்கினேன். கேட்டவர்களிடம் முட்டைக்கு என்று சொன்னேன். நோட்டில் கட்டம் போட்டேன்: கருப்பு, புள்ளி, செவலை என்று மூன்று பெயர், எதிரே தீனி, எடை, முட்டை. செவலை மட்டும், நான் டியூட்டி முடிந்து பின்கதவைத் திறந்ததும் ஓடிவந்து செருப்பைக் கொத்தும். அதை எழுதக் கட்டம் இல்லை.

அடுத்த வீட்டுச் சேவல் வேலி தாண்டி வந்துபோகும். சித்திரையில் செவலை அடைக்கு உட்கார்ந்தது. சேர்த்து வைத்திருந்த பத்து முட்டைகளையும், வார்டில் செய்வதுபோலவே, பெர்மாங்கனேட் கலந்த ஊதாத் தண்ணீரில் கழுவி, பஞ்சால் துடைத்து, மணல் பரப்பிய ஓலைப்பெட்டியில் வைத்தேன். குஞ்சு பொரிக்க வேண்டிய இருபத்தொன்றாம் நாள் லீவு போட்டேன். கர்ப்பிணிகளின் வயிற்றில் வைத்துக் கேட்கும் குழலை ஒவ்வொரு முட்டை மேலும் வைத்துப் பார்த்தேன். என் காதின் இரைச்சல்தான் கேட்டது.

இருபத்து நாலாம் நாளும் செவலை எழுந்திருக்கவில்லை. தீனிக்கு வைத்த கம்பந்தானியத்தைத் தொடவில்லை. எடைக் கட்டத்தில் எண்கள் இறங்கிக்கொண்டே வந்தன. இப்படியே செத்துப்போகும் என்று பயந்து, அடுத்த வீட்டுப் பெண்ணை வேலியருகே கூப்பிட்டேன். என் வயதுதான், புருஷன் கொழும்புத் தோணியில் போகிறவர். ஒரு முட்டையைக் காதருகே ஆட்டிப் பார்த்தாள்.

"கூமுட்டை. அடைக்கு வைக்கும்போது என்ன செஞ்சீய நர்சம்மா?"

சொன்னேன். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"ஏளா! முட்டையை எவளாவது குளிப்பாட்டுவாளா? பவுடர் போட்டுப் பொட்டும் வச்சிருக்க வேண்டியதுதான! மேல ஒரு பூச்சு இருக்கும்லா, அது போச்சுன்னா உள்ள அழுகிரும்."

அந்த ஊரில் என்னை முதன்முதலாக, சிநேகிதியைக் கூப்பிடுவதுபோல, ஏளா என்று கூப்பிட்டவள் அவள். தப்பு செய்ததற்குச் சந்தோஷப்படக் கூடாது என்று நினைத்துக்கொண்டேன்.

முட்டைகளைப் புதைத்தோம். செவலை வெறும் மணல்மேல் போய் உட்கார்ந்தது. விளக்கு வைக்கும் நேரம் அவள் மடியில் நாலு குஞ்சுகளைக் கட்டிக்கொண்டு வந்தாள். அவள் கோழி அன்று பொரித்தவை.

"தன் குஞ்சு இல்லையென்று செவலை கண்டுபிடித்துவிடாதா?" என்றேன்.

"அதுகிட்ட என்ன நோட்டா இருக்கு, எழுதி வச்சுப் பார்க்க?"

ஒவ்வொன்றாகச் சிறகுக்கடியில் தள்ளினாள். செவலை கொஞ்சம் விரிந்துகொடுத்தது. பிறகு நான் அதுவரை கேட்டிராத தணிந்த குரலில் கொக்கரித்தது. தன் பிள்ளைகள் அழும் சத்தம் கேட்டு அவள் வீட்டுக்கு ஓடிவிட்டாள்.

மறுநாள் டியூட்டி முடிந்து பின்கதவைத் திறந்தேன். செவலை ஓடிவரவில்லை. முற்றத்து மூலையில் மண்ணைக் கிளறி, குஞ்சுகளைக் கூப்பிட்டுத் தின்னக் காட்டிக்கொண்டிருந்தது. கம்பந்தானியத்தை உள்ளங்கையில் வைத்து நீட்டினேன். இறகெல்லாம் சிலிர்க்க வந்து, ரத்தம் வரும்படி கொத்திவிட்டுத் திரும்பிப் போனது.

ஊதாத் தண்ணீரில் கையைக் கழுவிக்கொண்டு நோட்டில் எழுதினேன்: தாய் நலம். குஞ்சு நான்கு, நலம்.