பூட்ஸுக்கு எட்டாத சூடு

மண்ணைத் தோண்டுவது சுலபம். தோண்டியது என்னவென்று நாலு பேருக்குப் புரியவைப்பதுதான் தொல்லியலில் முதுகை ஒடிக்கும் வேலை. விருந்துகளில் தங்கள் தொழிலை விளக்கி விளக்கித் தொண்டை வறண்டவர்களே, நீங்கள் என் கட்சி.

விருந்தில் மாட்டியது

தொண்ணூறுகளில் கோடைதோறும் இத்தாலியில் ஒரு ரோமானியப் பண்ணை மாளிகையைத் தோண்டினோம். மாளிகை என்றால் இடுப்பளவுச் சுவர்கள்தான். என் பங்குக்கு வந்தது குளியல் பகுதியின் வெந்நீர் அறை. குட்டைச் செங்கல் தூண்கள் வரிசையாக, அவற்றின்மேல் தரை. வெளியே அடுப்பெரித்தால் சூடு தூண்களுக்கு நடுவே ஓடித் தரையைச் சூடாக்கும். அந்தப் பழைய புகைக்கரி விரலில் ஒட்டியபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. நான் குடியிருக்கும் மாண்ட்ரியலின் புறநகர் கர்க்லாண்டில் ஒரு விருந்தில் படங்களைக் காட்டினேன். அங்கே வந்திருந்த ஒரு டாக்டர் நண்பர் எல்லாவற்றையும் பொறுமையாகப் பார்த்தார்.

"ஏன் சார், இத்தனை வருஷமா ஒரு பாத்ரூமையா தோண்டறீங்க?"

நான் போட்ட தரை

பிறகு மாண்ட்ரியல் அருங்காட்சியகம் ஒன்றில் அதே அறையை அசல் அளவில் கட்டும் பொறுப்பு எனக்கு வந்தது. மொசைக் கற்களில் பாதியை நானே பதித்தேன். அடுப்புக்குப் பதில் அடியில் மின்சாரம். வருகிறவர்கள் அதன்மேல் நடந்து, ரோமானியர் காலில் பட்ட சூட்டை உணர வேண்டும். என் ஆசையெல்லாம் அதுதான்.

திறந்தது ஜனவரியில். ஜனங்கள் கனத்த பூட்ஸோடு ஏறி, பனி வழுக்காமலிருக்கத் தெருவில் தூவிய உப்பையும் மணலையும் என் தரையில் தேய்த்தார்கள். "கழற்றச் சொல்லலாமே" என்று கெஞ்சிப் பார்த்தேன். யாரும் கேட்க மாட்டார்கள் என்றார் அருங்காட்சியகப் பொறுப்பாளர் அம்மையார். தரை கீறிப்போவதால் வரும் திங்களிலிருந்து கயிறு கட்டி, தூர நின்று பார்க்க வைப்பதாக முடிவு. அன்று ஒரு பெரியவர் தரையில் உலவிவிட்டு என்னிடம் வந்தார்.

"அழகாத்தான் இருக்கு. சூடு எங்கே?"

ஞாயிற்றுக்கிழமை

கயிறு வருவதற்கு முந்தின நாள், நகரின் வடக்கே அஹுன்ட்சிக் பகுதியிலிருந்து ஒரு திருகோணமலைத் தம்பதி வந்தார்கள். மொசைக் ஓரத்தில் அந்த அம்மா கணவரை நிறுத்தினார். "கழட்டுங்கோ. உப்புச் சப்பாத்தோட இந்த வேலைப்பாட்டில ஏறுறதே?" இருவரும் பூட்ஸை ஓரமாக வைத்துவிட்டு ஏறினார்கள். இரண்டடி வைத்ததும் அந்த அம்மா அப்படியே நின்றுவிட்டார். பின்னால் வந்த வெள்ளைக்காரக் குடும்பம் இதுதான் விதி போலும் என்று தானும் கழற்றியது; அவர்களைப் பார்த்து அடுத்தவர்கள். சாயங்காலம் அந்த இடம் கல்யாண மண்டப வாசலாகிவிட்டது. தரையில் உட்கார்ந்தவர்கள் எழுந்திருக்க மனமில்லாமல் இருந்தார்கள். அந்த அம்மா என் முகத்தைப் பார்த்துத் தமிழன் என்று கண்டுகொண்டார்.

"அண்ணை, அந்த ரோமானியச் சனம் குளிருக்குள்ள நல்ல சுகமாத்தான் இருந்திருக்கினம்."

கயிறு

அன்று சாயங்காலமே பொறுப்பாளர் அம்மையார், மறுநாள் கட்ட வேண்டிய கயிற்றுச் சுருளோடு வந்தார். குவிந்து கிடந்த பூட்ஸைப் பார்த்தார். தன் காலணியையும் கழற்றிவிட்டு ஏறித் தரையில் ஒரு சுற்று நடந்தார்.

"கயிறு வேண்டாம். பூட்ஸ் வைக்க ஒரு அலமாரி செய்யச் சொல்லுங்கள்."

கண்காட்சி முடியும்வரை, என்ன தொழில் என்று விருந்துகளில் கேட்டவர்களிடம் நான் வாயைத் திறக்கவில்லை, ஓட்டையில்லாத சாக்ஸோடு வாருங்கள் என்று அருங்காட்சியக முகவரியை மட்டும் கொடுத்தேன்.