லாபீர் நானாவின் இரண்டாவது மரணச் செய்தி

வெள்ளிக்கிழமை விடியற்காலையில் சுகந்தி தொலைபேசியில் அழைத்தார்.

"யோகன் அண்ணை, லாபீர் நானா போயிட்டாராம்."

கட்டிலில் எழும்பி இருந்துகொண்டு, "ஆர் சொன்னது?" என்று கேட்டேன்.

"அவற்ற மகள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முதலே முடிஞ்சிட்டுதாம். இந்தமுறை மெய்தான் அண்ணை."

இந்தமுறை என்று சுகந்தி சொன்னதற்குக் காரணம் உண்டு. லாபீர் நானா ஏற்கெனவே ஒருமுறை இறந்தவர். அந்த மரணத்துக்கு அஞ்சலி எழுதியவனும் நான்தான். ஒரே மனிதருக்கு இரண்டாவது தடவையாக அஞ்சலி எழுத உட்காரும்போது கை ஓடமாட்டேன் என்கிறது. நல்ல வசனங்களையெல்லாம் முதல் தடவையே செலவழித்துவிட்டேன். வேடிக்கைக்காக இதைச் சொல்லவில்லை, களைத்துப்போய்ச் சொல்கிறேன்.

அவரை அறியாதவர்களுக்காக முதலிலிருந்து தொடங்குகிறேன். லாபீர் நானா மூதூரில் பிறந்தவர். கலியாணம் முடித்துத் திருகோணமலை நகரத்துக்கு வந்து, துறைமுகத்துக்குப் போகும் வீதியில் ஒரு ஹாட்வெயார் கடை வைத்திருந்தார். கீழே ஆணியும் சீமெந்தும் விற்கப்பட்டன. மேல்மாடியில், பெயின்ற் வாளிகளுக்கும் தண்ணீர்க் குழாய்களுக்கும் நடுவே, சனிக்கிழமை பின்னேரங்களில் எழுதப் பழகுகிற சிலர் கூடினோம். வட்டத்துக்குப் பெயர் வைக்க வேண்டும் என்று பலமுறை பேசி, ஒவ்வொருமுறையும் சண்டை வந்ததால் பெயர் இல்லாமலே விட்டுவிட்டோம். நான் கச்சேரியில், அதாவது மாவட்ட அரசாங்க அலுவலகத்தில், காணிப் பிரிவிலிருந்து ஓய்வுபெற்றவன். வீட்டில் இருந்தால் மனைவிக்கு இடைஞ்சல் என்று அங்கே போகத் தொடங்கினேன். சுகந்தி வங்கியில் வேலை செய்பவர். நல்ல காலத்தில் படிக்கட்டிலும் ஆட்கள் இருந்தார்கள். பிறகு சிலர் கனடாவுக்கும், சிலர் கட்டாருக்கும், மற்றவர்கள் முகநூலுக்கும் போய்ச் சேர்ந்தார்கள்.

எழுத்துப் பயிற்சிகள் கொடுப்பவர் எப்போதும் லாபீர் நானாதான். எந்தப் புத்தகத்திலும் பார்த்து அவர் அவற்றை எடுத்ததில்லை. கடையில் நின்றபடி யோசித்து வைத்திருப்பார். "ஒரு ஆள் கடைக்கு வந்து என்னென்ன வாங்கினார் எண்டு மட்டும் எழுதுங்கோ. அவருக்கு வீட்டில என்ன கரைச்சல் எண்டு எங்களுக்கு விளங்கவேணும்" என்பார். இன்னொரு கிழமை, யாரும் சத்தம் போடாத ஒரு சண்டையை எழுதச் சொல்வார். நேரம் முடிந்தால் பேனையால் பெயின்ற் வாளியில் தட்டுவார். அவரும் எங்களோடு இருந்து எழுதுவார். எழுதியதை வாசித்த பிறகு, "நல்லாயிருக்கு" என்று ஒருவரும் சொல்லக்கூடாது என்பது அவருடைய சட்டம். "எந்த இடத்தில நம்பேலாமல் போச்சுது, அதைச் சொல்லுங்கோ" என்பார். சொல்லி முடித்ததும் அந்தத் தாளை வாங்கி மடித்துச் சட்டைப் பைக்குள் வைப்பார். திங்கட்கிழமை அதில் யாருக்கோ ஆணி சுற்றிக் கொடுப்பார். என்னுடைய ஒரு நாவலின் முதல் அத்தியாயம் அப்படித்தான் கிண்ணியாவுக்குப் போனது. அதில் எனக்குக் கோபம் இருந்தது, இன்னும் கொஞ்சம் இருக்கிறது.

ஒருநாள், இதுவரை ஒருவரிடமும் சொல்லாத ஒரு கணத்தை எழுதும்படி பயிற்சி வந்தது. அன்று லாபீர் நானா எழுதியது ஒரு தோணியைப் பற்றி. யுத்தத்துக்குப் பயந்து ஊரே ஓடிக்கொண்டிருக்கிறது. ஆற்றங்கரையில் ஒரே ஒரு தோணி. இரண்டு சகோதரர்களும் அவர்களைப் பெற்ற, நோயாளியான உம்மாவும் வந்து சேர்கிறார்கள். தம்பி முந்திக்கொண்டு ஏறுகிறார். தோணி நிறைந்து புறப்பட்டுவிடுகிறது. மூத்தவரான நானாவும் உம்மாவும் வெயிலில் நடந்து சுற்றிப் போகிறார்கள். சில மாதங்களில் உம்மா இறந்துபோகிறார்.

அவர் வாசித்து முடித்தபோது அந்த மாடியில் ஒருவருக்கும் நம்பமுடியாத இடம் ஒன்றுகூட இருக்கவில்லை. நாங்கள்தான் அதைச் சிறுகதையாக்கி ஒரு சிற்றிதழுக்கு அனுப்பச் சொன்னோம். அச்சில் வந்தது.

லாபீர் நானாவுக்கு ஒரு தம்பி இருந்தார். பெயர் தாஹிர், மூதூரில் வயல் செய்பவர். கதை அங்கேயும் போய்ச் சேர்ந்தது. தாஹிர் பஸ்ஸில் ஏற நின்றால், "விடுங்க, தாஹிர் முதல்ல ஏறட்டும்" என்று ஆட்கள் வழிவிடத் தொடங்கினார்கள். சொன்னவர்களுக்கு அது பகிடி. அவர் பஸ்ஸில் போவதையே நிறுத்தினார். நானாவோடு கதைப்பதையும் நிறுத்தினார்.

"பேரை மாத்தினன், ஊரை மாத்தினன். தோணியை மாத்தேல்ல" என்று லாபீர் நானா எங்களிடம் சொன்னார். இரண்டு பெருநாட்களுக்கு மூதூருக்குப் போய்ப் பார்த்தார். தாஹிர் பின்கதவால் வயலுக்குப் போய்விட்டாராம்.

அதற்குப் பிறகுதான் அந்த முதல் மரணம். உயிரோடு இருக்கும் ஒருவருக்கு அஞ்சலி எழுதுங்கள் என்று லாபீர் நானா ஒரு சனிக்கிழமை பயிற்சி கொடுத்தார். சீட்டுக் குலுக்கினோம். எனக்கு அவரே வந்தார். நானும் மனம்வைத்து எழுதினேன். வருத்தத்தோடு அறியத்தருகிறோம் என்று தொடங்கி, கடையையும் மாடியையும் அவருடைய நல்ல குணத்தையும் எழுதி, இறைவன் அவருக்கு மேலான சுவனத்தை அருளட்டும் என்று முடித்தேன். சுகந்தி அதைத் தட்டச்சு செய்து எங்கள் வட்ஸ்அப் குழுவில் போடப் போனவர், அலுவலகக் களைப்பில் விரல் மாறித் தன்னுடைய பழைய மாணவர் குழுவில் போட்டுவிட்டார். அங்கே மூதூர் ஆட்களும் இருந்தார்கள்.

ஞாயிறு காலை லாபீர் நானாவின் வாசலில் சனம் நின்றது. நான் விளக்கம் சொல்ல ஓடிப்போனேன். அவர் சாரத்தோடு விறாந்தையில் கதிரை போட்டு இருந்து, வந்தவர்களுக்குத் தேத்தண்ணி கொடுத்துக்கொண்டிருந்தார். வியாபாரி ஒருவர் மலர்வளையத்தோடு வந்து திகைத்து நின்றார். "அதை அங்கால வச்சிட்டு இருங்கோ, பாவம், காசு குடுத்து வாங்கினது" என்றார் லாபீர் நானா. எல்லோரும் சிரித்தோம். அவருடைய மனைவியை நாங்கள் ராத்தா என்றுதான் கூப்பிடுவோம். ராத்தாகூடக் கதவுக்குப் பின்னால் நின்று சிரித்தார்.

அப்போது ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. தாஹிர் இறங்கினார். கேற்றடியிலிருந்தே "நானா, நானா" என்று அழுதுகொண்டு வந்தார். விறாந்தைக்கு வந்து தலையை நிமிர்த்தினார். லாபீர் நானா தேத்தண்ணிக் கோப்பையோடு எழும்பி நின்றார்.

"தம்பி" என்றார்.

தாஹிர் கண்ணைத் துடைத்தார். எங்கள் எல்லோரையும் ஒருமுறை பார்த்தார். நாங்கள் அப்போதும் முகத்தில் சிரிப்பின் மிச்சத்தோடு இருந்திருக்க வேண்டும்.

"முதல்ல என்னை எழுதிக் கொன்னீங்க. இப்ப உங்களையே எழுதிக் கொன்னு விளையாடுறீங்க. இனி நீங்க மெய்யா மௌத்தானாலும் எனக்குச் சொல்லி அனுப்ப வேணாம்."

திரும்பிப் போய்விட்டார். லாபீர் நானா கேற்றடி வரைக்கும் பின்னால் போனார். வீதியில், எங்கள் நகரத்துக்குள் திரிகிற மான்கள் இரண்டு வாழைத்தோல் தின்றுகொண்டு நின்றன. அவற்றைத் தாண்டிப் போக மனமில்லாதவர்போல் அங்கேயே நின்றுவிட்டார். அன்றைக்குத்தான் அவர் கிழவராகியதை நான் பார்த்தேன்.

அதன் பிறகு எங்கள் சனிக்கிழமைகள் மாறின. நடந்த ஒன்றை மற்ற ஆளின் பக்கத்திலிருந்து எழுதுங்கள் என்று அடிக்கடி பயிற்சி வரும். நாங்கள் எதையாவது எழுதுவோம். லாபீர் நானா ஒவ்வொருமுறையும் அந்தத் தோணியையே எழுதினார், தம்பியின் பக்கத்திலிருந்து. ஒருமுறை தோணிக்காரன் தம்பியைப் பிடித்து இழுத்தான். ஒருமுறை உம்மாவுக்கு இடம் பிடிக்கத்தான் தம்பி ஏறினார். ஒருமுறை உம்மாவே தள்ளி ஏற்றினார். ஒவ்வொருமுறையும் நாங்கள் அவருடைய சட்டப்படியே, நம்பேலாமல் இருக்குது நானா என்றோம். உண்மையைச் சொன்னால், எனக்கு அந்தத் தோணி அலுத்துவிட்டது. வேறு எதையாவது எழுதுங்கள் என்று சுகந்தி ஒருநாள் கேட்டேவிட்டார்.

"அவன் ஏன் ஏறினான் எண்டு எனக்குத் தெரியாது பிள்ளை" என்றார் அவர். "அண்டைக்கும் கேக்கேல்ல, பிறகும் கேக்கேல்ல. கேக்காமலே எழுதிப்போட்டன். இப்ப கேப்பம் எண்டா போன் எடுக்கிறானில்ல."

அவர் தாளை மடித்துப் பைக்குள் வைத்தார்.

வெள்ளிக்கிழமை நான் வீட்டுக்குப் போனபோது ராத்தா என்னை உள்ளே கூப்பிட்டார். பின்னேர அசர் தொழுகைக்குப் பிறகு அடக்கம் என்று முடிவாகியிருந்தது. தாஹிர் வரவேண்டுமென்றால் மத்தியானத்துக்குள் சொல்லியாக வேண்டும்.

"பிள்ளையள் எடுத்தா எடுக்கமாட்டார். ஊரிலயும் ஒருத்தரும் போய்ச் சொல்லப் பயப்பிடுறாங்க. உங்கட நம்பர் அவருக்குத் தெரியாதுதானே, நீங்க எடுத்துச் சொல்லுங்க யோகன்."

எடுத்தேன். இரண்டாவது தடவை தாஹிர் எடுத்தார்.

"அஸ்ஸலாமு அலைக்கும், ஆரு?"

"நான் யோகநாதன், திருகோணமலையிலயிருந்து. லாபீர் நானா காலமாகிட்டார். பின்னேரம் அடக்கம். நீங்கள் வரவேணும்."

"எந்த யோகநாதன்?" என்று கேட்டார்.

பொய் சொல்லியிருக்கலாம். கச்சேரி யோகநாதன் என்றாவது சொல்லியிருக்கலாம். "கடைக்கு மேல எழுதுற ஆக்களில ஒராள்" என்றேன்.

"ஓ. அந்த அஞ்சலி எழுதின ஆளா?"

"ஓம். ஆனா இந்தமுறை..."

"நல்லா எழுதியிருந்தீங்க. வாசிச்சு நான் அழுதனான்" என்றார் மிக அமைதியாக. வைத்துவிட்டார்.

மறுபடியும் எடுத்தேன். ராத்தாவின் மருமகனும் தன்னுடையதில் எடுத்தார். தாஹிர் தொலைபேசியை நிறுத்திவிட்டிருந்தார். இத்தனை வருடம் மேல்மாடியில் இருந்து சொற்களோடு மல்லுக்கட்டிய எனக்கு, ஒரு மனிதரை நம்பவைக்க ஒரு வசனம் வரவில்லை. அந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

நேரத்துக்கு ஜனாஸா வீட்டிலிருந்து எடுத்துச் செல்லப்பட்டது. அடக்கம் செய்யும் மையவாடியில் நான் ஓரமாக நின்றேன். முடிவில் ஒருவர் கையைக் காட்டிக் கூப்பிட, நானும் போய் மண் போட்டேன். வருகிறவர்களையெல்லாம் பார்த்துக்கொண்டே நின்றேன். தாஹிர் வரவில்லை.

அடுத்த நாள் சனிக்கிழமை. கூடுவதா விடுவதா என்று ஒருவரும் கேட்கவில்லை. ராத்தா கடைப் பூட்டின் திறப்பைக் கொடுத்தனுப்பினார். வந்தது நானும் சுகந்தியும் மட்டும்தான். பயிற்சி சொல்ல ஆளில்லை. இனி இதை மூடிவிடலாம் என்று சொல்லத்தான் நான் போயிருந்தேன். சுகந்தியும் அதற்குத்தான் வந்திருந்தார் என்று முகத்தில் தெரிந்தது.

படியில் யாரோ மெல்ல ஏறிவரும் சத்தம் கேட்டது. தாஹிர் வந்து நின்றார். கண்கள் வீங்கியிருந்தன. அடக்கத்துக்குப் போய்த் திரும்பியவர்கள் இரவுத் தொழுகையில் மூதூர்ப் பள்ளிவாசலில் சொன்ன பிறகுதான் நம்பினாராம். விடிந்ததும் புறப்பட்டு வந்து ராத்தாவைப் பார்த்துவிட்டு இங்கே வந்திருக்கிறார்.

"என்னைப் பத்தி நானா பிறகும் எழுதினாராமே. மைனி சொன்னா. அதை வாசிச்சுக் காட்டுங்க."

"அதுகள் ஒண்டும் மிஞ்சேல்ல. ஆணி சுத்திக் குடுத்திட்டார்" என்றேன்.

அவர் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதில் இருந்தார். "நினைப்பிருக்கிறதைச் சொல்லுங்க."

நினைவு இருந்தது. அலுக்க அலுக்கக் கேட்டது அல்லவா. தோணிக்காரன் இழுத்ததைச் சொன்னேன். "இல்ல" என்றார். உம்மாவுக்கு இடம் பிடித்ததைச் சொன்னேன். "அதுவும் இல்ல." உம்மா தள்ளி ஏற்றியதைச் சொன்னபோது தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார்.

"கிட்ட வந்திட்டார்" என்றார் பிறகு. "இதையெல்லாம் இருந்து யோசிச்சாரா? எனக்காகவா?"

"கிழமைக்குக் கிழமை" என்றார் சுகந்தி.

அதன் பிறகு அவர் சொன்னார். தோணியில் தான் ஏன் முதலில் ஏறினார் என்று, அந்த நாளுக்குப் பிறகு முதல் தடவையாக, முன்பின் பழகாத எங்கள் இருவருக்கும் சொன்னார். சுருக்கமாகத்தான் சொன்னார். சுகந்தி பழக்கத்தில் பேனையை எடுத்திருந்தார்.

"எழுத வேணாம் தங்கச்சி" என்றார் தாஹிர். சுகந்தி பேனையை மூடினார்.

ஆகவே அந்தக் காரணம் இந்தக் கட்டுரையில் இல்லை. வாசிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் லாபீர் நானா அதை அறியாமல் போனார் என்பதை என்னால் தாங்க முடியவில்லை. அதை மட்டும் எழுதிவிடுகிறேன்.

மையவாடிக்குக் கூட்டிக்கொண்டு போகச் சொல்லி தாஹிர் கேட்டார். போனோம். புது மண் இன்னும் ஈரமாக இருந்தது. முதலில் கையேந்தி ஓதினார். பிறகு சாரத்தை ஒதுக்கிக்கொண்டு தலைமாட்டில் குந்தி இருந்து, கதைக்கத் தொடங்கினார். நான் கேற்றடிக்குப் போய், சத்தம் கேட்காத தூரத்தில் நின்றேன். வெகுநேரம் கதைத்தார். இடையில் அவருடைய இரண்டு கைகளும் முன்னால் நீண்டு, கரையில் நிற்கும் ஒருவர் தோணியைத் தள்ளிவிடுவதுபோல் பலமாகத் தள்ளின. பிறகு முகத்தைப் பொத்திக்கொண்டார்.

நீங்கள் கேட்டுக்கொண்டிருங்கள் நானா. நாங்கள் போய்விட்டு வருகிறோம்.