தொல்லை என்று பெயரிட்ட கோப்பு

எங்கள் அலுவலகத்தில் விளம்பரப் பொறுப்பைப் பார்க்கும் அக்காவுக்கு நாங்கள் வைத்த பட்டப்பெயர் விடாக்கண்டி. அது அவருக்கும் தெரியும். ஒருநாள் தொலைபேசியில் யாரோ பெயர் கேட்டபோது, விடாக்கண்டி என்று சொன்னால் இங்கே எல்லாருக்கும் தெரியும் என்று அவரே சொன்னதை என் காதால் கேட்டேன். அதற்குப் பிறகு அந்தப் பெயரை முதுகுக்குப் பின்னால் சொல்வதில் எங்களுக்கு ருசியில்லாமல் போய்விட்டது.

அவரைப் பற்றி நான் எழுதுகிறேன் என்றால் கூட வேலை செய்கிறவர்கள் சிரிப்பார்கள். அவரோடு அதிகமாகச் சண்டை போட்டவன் நான்தான். சில நாட்களில் அவர் மாடிப்படி ஏறி வரும் செருப்புச் சத்தம் கேட்டாலே எனக்கு எரிச்சல் வரும். என் வேலை ஒலிக் கோர்ப்பு. சத்தங்களைப் பிரித்து வைத்து, சரியான இடத்தில் சரியான சத்தத்தைச் சேர்ப்பது. அதில் நான் பெரிய ஆள் என்று ஒரு நினைப்பு எனக்கு உண்டு. அந்த நினைப்பில் கை வைத்தவர் அவர்.

ஒரு செருப்புக் கடைக்கு மேலே மூன்று அறைகள். அதுதான் எங்கள் ஒலிபரப்பு நிலையம். பதிவு அறையின் சுவரில் பழைய மெத்தைகளை அடித்து வைத்திருக்கிறோம். பதிவு நடக்கும்போது மின்விசிறியை நிறுத்திவிட வேண்டும், வெந்து போவோம். மதியம் ஒரு மணிக்குக் கீழே கடைக்காரர் ஷட்டரை இழுப்பார், அந்த நேரத்தில் பேசிக்கொண்டிருந்தால் மறுபடியும் முதலிலிருந்து பேச வேண்டியதுதான். இப்படியெல்லாம் உயிரை விட்டு வாரம் ஒரு நிகழ்ச்சி செய்தோம். வாரத்துக்கு ஒரே ஒரு கேள்வி, ஒரு மணி நேரம். ரொட்டி ஏன் காய்ந்து போகிறது, ஒரு மணிக்கு அறுபது நிமிடம் என்று யார் வைத்தது, இந்த மாதிரி. சந்தா கட்டியவர்களின் கைபேசிக்கு வெள்ளிக்கிழமை காலை போய்ச் சேரும்.

முதலாளி முப்பது வருடம் காகித மொத்த வியாபாரம் செய்தவர். வியாபாரத்தை மகனிடம் விட்டுவிட்டு, வீட்டில் சும்மா இருக்க முடியாமல் இதை ஆரம்பித்தார். ஆனால் எங்கள் நிகழ்ச்சி ஒன்றைக்கூட அவர் ஐந்து நிமிடத்துக்கு மேல் கேட்டது கிடையாது. கேட்டால், எனக்கு எங்கேப்பா நேரம் என்பார். அப்படிப்பட்டவர் ஒரு திங்கட்கிழமை வந்து உட்கார்ந்து, சந்தாதாரர் எத்தனை பேர் என்று விசாரித்தார். அறுநூற்று நாற்பது. மூன்று மாதத்தில் இரண்டாயிரம் ஆக வேண்டும், இல்லாவிட்டால் ஒரு மணி நேர நிகழ்ச்சி கிடையாது, எல்லாவற்றையும் மூன்று நிமிடத் துண்டுகளாக வெட்டி, பார்த்தவுடன் பதறிப் போகிற மாதிரித் தலைப்பு வைத்து இலவசமாக விட்டுவிடலாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

மூன்று நிமிடத் துண்டுக்கு ஒலிக் கோர்ப்பவன் எதற்கு? ஒரு டமார் சத்தம், ஒரு கைதட்டல், முடிந்தது. அக்கா மட்டும் நாட்காட்டியை எடுத்துப் பன்னிரண்டு வெள்ளிக்கிழமைகளை வட்டம் போட்டார்.

அவர் பெரிய படிப்பு படித்தவர் இல்லை. எங்களிடம் வருவதற்கு முன்பு பதினெட்டு வருடம் வீடு வீடாகப் போய்த் தண்ணீர் வடிகட்டி விற்றவர். அவருடைய கணவர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார், சாதுவான மனிதர். வீட்டில் அக்கா எப்படி என்று ஒருமுறை அவரைக் கேட்டேன். கல்யாணம் வேண்டாம் என்று தான் மூன்று தடவை சொன்னதாகவும், நான்காவது தடவை சொல்லத் தெம்பில்லை என்றும் சொல்லிவிட்டு டீயைக் குடித்தார்.

முதல் நான்கு வாரம் வீணாகப் போனது. புதிய விஷயங்களைத் தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறவர்கள் யார்? படித்தவர்கள்தானே? அப்படி நினைத்துப் பேராசிரியர்கள், வக்கீல்கள், டாக்டர்கள் என்று நாலாயிரம் பேருக்கு ஒரு விளம்பரக் கம்பெனி மூலமாகக் கடிதம் அனுப்பினோம். ஒன்பது பேர் சேர்ந்தார்கள். ஒரு பேராசிரியர் மட்டும் பதில் போட்டிருந்தார், இதெல்லாம் தனக்கு ஏற்கெனவே தெரியும் என்று.

அந்தப் பதிலை அக்கா இரண்டு தடவை படித்தார். வடிகட்டி விற்ற காலத்தில் அவர் பெட்டியைத் திறந்து சாமானைக் காட்ட மாட்டாராம். வாசலில் நின்று, தண்ணீர் கொதிக்க வைக்கிற பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அது என்னவென்று கேட்பாராம். தெரியும் என்று சொன்ன வீட்டில் கதவு சாத்தப்படும். தெரியாதே, என்ன அது என்று கேட்ட வீட்டில் நாற்காலி போடுவார்கள். அந்த வீடு மாடியா குடிசையா என்பதற்கும் இதற்கும் சம்பந்தமே கிடையாது என்றார். இதை மறந்துபோய் ஒரு மாதத்தைத் தொலைத்துவிட்டோமே என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

பிறகு என்னிடம் வந்து, தொல்லைக் கோப்பைக் கேட்டார்.

எங்கள் கணினியில் அப்படி ஒரு கோப்பு உண்டு. பெயர் வைத்தவன் நான். எங்கள் நிகழ்ச்சியில் அது தப்பு, இது தப்பு என்று எழுதுகிறவர்களின் கடிதங்களையெல்லாம் அதில் போட்டு மூடிவிடுவேன். பதில் போடுவதில்லை. வேலை வெட்டி இல்லாதவர்கள் என்பது என் கட்சி. அறுபத்து மூன்று பேர் இருந்தார்கள். அக்கா ஒரு முழு நாள் உட்கார்ந்து அத்தனையையும் படித்தார். மருத்துவமனையில் துணி வெளுக்கிறவர், கல்லறைத் தோட்டக்காரர், வீட்டில் மாமியாரைப் பார்த்துக்கொள்ளும் மருமகள், லிஃப்ட் மெக்கானிக். மாலையில் தலையை நிமிர்த்தி, இவர்கள்தான் நாற்பதாவது நிமிடத்திலும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்கிறவர்கள், இவர்களைப் போய்ப் பூட்டி வைத்திருக்கிறாயே என்றார்.

அறுபத்து மூன்று பேரையும் தொலைபேசியில் கூப்பிட்டார். நீங்கள் சொன்னது சரி, தப்பு எங்களுடையது என்றுதான் ஆரம்பிப்பார். பிறகு, வெள்ளிக்கிழமை வரப்போகிற நிகழ்ச்சியைப் புதன்கிழமையே அனுப்புகிறேன், கேட்டுவிட்டு எங்கே இடறுகிறது என்று சொல்வீர்களா என்பார். மாட்டேன் என்று சொன்னவர்கள் இரண்டே பேர். அந்த இரண்டு பேரையும் மறுவாரம் மறுபடியும் கூப்பிட்டார்.

அதோடு விட்டிருந்தால் நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன். ஒவ்வொரு நிகழ்ச்சியின் தொடக்கத்திலும், போன தடவை நாங்கள் செய்த தப்பு இது, கண்டுபிடித்தவர் இவர் என்று சொல்ல வேண்டும் என்று அடுத்து ஆரம்பித்தார். முதல் தப்பு என்னுடையது.

லிஃப்டுக்குள் போனதும் மனிதர்கள் ஏன் பேச்சை நிறுத்திவிடுகிறார்கள் என்று ஒரு நிகழ்ச்சி செய்திருந்தோம். அதில் நான் ஒரு கதவுச் சத்தம் போட்டிருந்தேன், கையால் இழுத்து மூடுகிற கம்பிக் கதவு, கிரீச்சென்று அருமையான சத்தம். அடுத்த நொடியே மணி அடிக்கும், ஒரு பெண் குரல் மாடி எண்ணைச் சொல்லும். அப்படி ஒரு லிஃப்ட் உலகத்திலேயே கிடையாது, பாதி தாத்தா, பாதி பேரன் என்று அந்த மெக்கானிக் எழுதியிருந்தார். எனக்கு முகம் சிவந்துவிட்டது. அந்தச் சத்தத்தைப் பதிவு செய்ய நான் ஏழு கட்டடம் ஏறி இறங்கியிருக்கிறேன்.

முடியவே முடியாது என்றேன். முதலாளிக்கும் விஷயம் போய், சொந்தச் சரக்கு சொத்தை என்று கூவி விற்கிறவரை இப்போதுதான் பார்க்கிறேன் என்று அவரும் குதித்தார். அக்கா ஒற்றைக் காலில் நின்றார். பன்னிரண்டு வாரம் எனக்குக் கொடுத்திருக்கிறீர்கள், இன்னும் எட்டு மிச்சம் இருக்கிறது, அதுவரை என் வழியில் விடுங்கள் என்று முதலாளியிடம் சொல்லிவிட்டார். பிறகு என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினார்.

"அறிவிப்பாளர் படிச்சுடுவாருன்னு நெனைக்காதீங்க தம்பி. நீங்கதான் படிக்கணும்."

"என் மானத்தை வாங்கணும்னே கங்கணம் கட்டிக்கிட்டு இருக்கீங்களாக்கா?"

"ஏழு கட்டடம் ஏறி இறங்கினீங்கல்ல. அதையும் சொல்லுங்க. அவ்வளவு பாடுபட்ட ஆளு தப்பை ஒத்துக்கிட்டாத்தான் கேக்கறவங்க நம்மள நம்புவாங்க. என் குரல்ல சொன்னா அது வெறும் விளம்பரம்."

மூன்று நாள் நான் அவரோடு பேசவில்லை. அவர் அதைக் கண்டுகொண்டதாகவே தெரியவில்லை. தினமும் காலையில் நான் படிக்க வேண்டியதை எழுதிய காகிதம் என் மேசையில் இருக்கும், கசக்கிப் போட்டால் மறுநாள் புதிய காகிதம் இருக்கும். நான்காம் நாள் மின்விசிறியை நிறுத்திவிட்டு உள்ளே போய்ப் படித்துத் தொலைத்தேன். ஒன்றரை நிமிடம். வெளியே வந்தபோது சட்டை நனைந்திருந்தது, வெட்கமா வெக்கையா என்று தெரியவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை லிஃப்ட் மெக்கானிக் தன் பட்டறையில் அதைச் சத்தமாகப் போட்டுக் காட்டியிருக்கிறார். தன் பெயரை ரேடியோக்காரன் சொல்கிறான் என்று ஒரே அமர்க்களம். பட்டறையில் பதினான்கு பேர் சந்தா கட்டினார்கள். எல்லாரும் எங்களைப் பாராட்டவா சேர்ந்தார்கள்? அடுத்த தப்பைத் தாங்கள் பிடிக்க வேண்டும் என்று சேர்ந்தார்கள். அக்காவுக்கு அது போதும். நாங்கள் சொல்வது சரிதானா, கேட்டுப் பாருங்கள் என்று ஒரே ஒரு வரியை அச்சடித்து, சலவைக் கூடம், பேருந்துப் பணிமனை, மருத்துவமனையில் நோயாளிகளோடு வந்தவர்கள் காத்திருக்கிற கூடம் என்று தானே ஒட்டிக்கொண்டு திரிந்தார். வேனில் பிள்ளைகளை இறக்கிவிட்ட பிறகு கணவர்தான் பசை வாளியைத் தூக்கினார். நாலாவது தடவையும் மாட்டேன் என்று சொல்லியிருக்கலாமே என்று நான் கேலி செய்தபோது, பசை நன்றாக ஒட்டுகிறது என்று மட்டும் சொன்னார்.

எண்ணிக்கை ஏறியது. தொள்ளாயிரம், ஆயிரத்து இருநூறு, ஆயிரத்து ஐந்நூறு. நான் வெளியில் காட்டிக்கொள்ளாமல் தினமும் காலையில் முதல் வேலையாக அதைத்தான் பார்த்தேன். யார் என்ன தப்பு கண்டுபிடித்தார்கள் என்று பார்க்கவும் ஆரம்பித்துவிட்டேன். சத்தங்களை ஒன்றுக்கு மூன்று தடவை விசாரித்துப் போட்டேன். என் வேலை முன்னைவிட நன்றாக இருந்தது, அதை அவரிடம் சொல்ல மட்டும் வாய் வரவில்லை.

பன்னிரண்டாவது வெள்ளிக்கிழமையின் கேள்வி, பழைய செய்தித்தாள் ஏன் மஞ்சளாகிறது என்பது. அன்றைக்கு எண்ணிக்கை ஆயிரத்து எழுநூற்று முப்பதில் நின்றது. இரண்டாயிரம் ஆகவில்லை. மறுநாள் காலை முதலாளி வருவதாகத் தகவல் வந்தது. அக்கா தன் மேசையைத் துடைத்து வைத்தார், எதையும் எடுத்துப் பையில் போடவில்லை. நான் போட்டேன், என் காதொலிப்பானை.

முதலாளி கையில் ஒரு காகிதத்தோடு வந்தார். ஒரு மணி நேர நிகழ்ச்சி இன்றோடு நிறுத்தப்படுகிறது என்ற உத்தரவு, கையெழுத்து மட்டும்தான் பாக்கி. அதை மேசையில் வைத்தார். ஆனால் உட்காரவில்லை. அறைக்குள் இங்கும் அங்கும் நடந்தார். அவர் முகத்தில் கோபம் இருந்தது, அது எண்ணிக்கைக்கான கோபமாகத் தெரியவில்லை.

"முப்பத்தி நாலாவது நிமிஷத்துல என்ன சொன்னீங்க? இருட்டுல வச்சா பேப்பர் மஞ்சளாகாதுன்னா?"

நான் அக்காவைப் பார்த்தேன். அவர் பேனாவைக் கையில் எடுத்திருந்தார்.

"என் குடோன்ல வெயில்னு ஒண்ணு எட்டிக்கூடப் பாத்ததில்ல. கட்டுக் கட்டா அடுக்கி வச்சிருப்போம். அஞ்சு வருஷம் கழிச்சுப் பிரிச்சா ஓரம் பூரா மஞ்சள், நடுவுல வெள்ளை. காத்துப் படுற எடம் போயிடும். வெயில் பட்டா சீக்கிரம் போகும், அவ்வளவுதான். இருட்டு காப்பாத்தாது. முப்பது வருஷம் பேப்பர் வித்தவன் நான். என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

குரல் கடைசியில் கொஞ்சம் உடைந்தது. கோபத்துக்கு அடியில் இருந்தது மனத்தாங்கல் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. ஊரில் இருக்கிற மெக்கானிக்கையும் தோட்டக்காரரையும் கேட்டவர்கள் தன்னைக் கேட்கவில்லையே என்ற மனத்தாங்கல்.

"கேட்டேன் சார். மத்தவங்களுக்கு அனுப்பின மாதிரியே வாராவாரம் புதன்கிழமை உங்களுக்கும் அனுப்பினேன். எட்டு வாரமா அனுப்பறேன். நீங்க தெறந்தது நேத்துதான்," என்றார் அக்கா.

முதலாளி கைபேசியை எடுத்துப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கீழே யாரோ செருப்புக்கு அளவு கேட்கிற சத்தம் மேலே வரைக்கும் வந்தது.

"இத யாரு திருத்திச் சொல்லுவா?" என்றார்.

"கண்டுபிடிச்சவரே சொன்னா நல்லாருக்கும். அடுத்த வெள்ளிக்கிழமை," என்றார் அக்கா.

அடுத்த வெள்ளிக்கிழமை என்று ஒன்று இருக்கிறதா என்று அந்த அறையில் யாரும் கேட்கவில்லை. முதலாளி சட்டைப் பையில் பேனாவைத் தேடினார், கிடைத்தது. எழுதுவதற்கு ஒரு தாள் கேட்டார். மேசையில் வெள்ளைத்தாள் ஒரு கட்டு இருந்தது. அக்கா அதைத் தொடவில்லை. முதலாளி கொண்டுவந்த உத்தரவை எடுத்துப் பின்பக்கமாகத் திருப்பி அவர் முன்னால் வைத்தார். அவர் அதை ஒரு கணம் பார்த்தார், அக்காவையும் பார்த்தார், பிறகு குனிந்து எழுத ஆரம்பித்தார்.

நான் பையிலிருந்து காதொலிப்பானை எடுத்து மாட்டிக்கொண்டு, மின்விசிறியை நிறுத்தப் போனேன்.