மூன்றாவது கடையின் தனி லைன்

வீட்டுக்கு இளையவள் என்பதால் அவளுக்கு வந்து சேர்ந்த வேலைகள் எல்லாம் மற்றவர்கள் வேண்டாம் என்று தள்ளிவிட்டவைதான். அப்பா நடத்திய மூக்குக்கண்ணாடிக் கடையில் கல்லா அண்ணனுக்குப் போனது. லென்ஸ் அரைக்கும் பட்டறை அக்காவின் கணவருக்கு. மிச்சம் இருந்தது ஒயர். கம்ப்யூட்டரோ, பிரிண்டரோ, வாசல் கேமராவோ, எதிலிருந்து ஒரு ஒயர் தொங்கினாலும் அது அவள் தலையில் விடிந்தது. கடைப் பெண்கள் அவளுக்கு ஒயரக்கா என்று பெயர் வைத்தார்கள். முதலில் முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள். பிறகு நேராகவே கூப்பிட, அவளும் திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டாள்.

அவள் படித்தது கண் பரிசோதனை. இருட்டு அறையில் ஒருவரை உட்காரவைத்து, ஒவ்வொரு கண்ணாடியாக மாற்றிப் போட்டு, "இது தெளிவா, அது தெளிவா?" என்று கேட்பதுதான் அவளுக்குப் பிடித்த வேலை. வந்தவர் கடைசி வரி எழுத்தைப் படிக்கத் தொடங்கும்போது அவளுக்கே ஒரு சந்தோஷம் வரும். சரியாக அந்த நேரம் பார்த்துக் கதவு திறக்கும். "ஒயரக்கா, பிரிண்டர் முழிக்குது."

கடையில் எழுதும் சீட்டு பட்டறைக்குப் போயாக வேண்டும். வலது கண்ணுக்கு எவ்வளவு பவர், இடது கண்ணுக்கு எவ்வளவு, இரண்டு கருவிழிகளுக்கும் நடுவே எவ்வளவு தூரம், எந்த பிரேம் என்பதெல்லாம் அதில் இருக்கும். முன்பெல்லாம் சீட்டை போனில் படமெடுத்து அனுப்பினார்கள். ஒருமுறை பட்டறையில் ஆறை எட்டாகப் படித்துவிட, புதுக் கண்ணாடி போட்ட அம்மா ஒருவர் கடைப் படியிலேயே தடுமாறி விழப் போனார். அதற்குப் பிறகுதான் இன்டர்நெட் கம்பெனியின் விற்பனைக்காரரை வரச் சொன்னார்கள்.

அவர் நன்றாகத்தான் விளக்கினார். "இப்ப நீங்க அனுப்புறது ஊர்ல எல்லாரோடதும் போற வழியிலதான் போகுது மேடம். நாங்க தர்றது அப்படியில்ல. எங்க கேபிளுக்குள்ளயே உங்க கம்பெனிக்குனு ஒரு எண் ஒதுக்கிடுவோம். அந்த எண் இருக்கிற இடங்கள் மட்டும்தான் ஒண்ணையொண்ணு பார்க்கும். மத்தவங்களுக்கு நீங்க இருக்கிறதே தெரியாது. கடையும் பட்டறையும் ஒரே வீட்டோட ரெண்டு ரூம் மாதிரி ஆயிடும்."

சொன்னபடியே நடந்தது. கடையில் பொத்தானை அழுத்தினால் ஊரின் மறுகோடியில் இருக்கும் பட்டறைப் பிரிண்டரில் சீட்டு விழுந்தது. இரண்டாவது கடையையும் சேர்த்தார்கள். அதுவும் ஒழுங்காக ஓடியது. அண்ணன் பூரித்துப்போய் மூன்றாவது கடையைத் திறந்தான். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

மூன்றாவது கடையிலிருந்து அனுப்பிய சீட்டு எதுவும் பட்டறைக்கு வரவில்லை. ஆனால் கடைத் திரை ஒவ்வொரு முறையும் 'அச்சிடப்பட்டது' என்று காட்டியது. கடைப் பெண் "நான் அனுப்பிட்டேன்" என்றாள். அக்காவின் கணவர் "இங்க ஒரு துண்டுச் சீட்டு வரல" என்றார். அண்ணன் இருவரையும் விட்டுவிட்டு இவளைப் பிடித்துக்கொண்டான்.

"நீதானே இந்த லைன் வேணும்னு ஒத்தைக் கால்ல நின்னே?"

"நின்னேன். லைன்ல கோளாறு. அவங்கதான் சரி பண்ணணும்."

"அப்ப பேசு. என் உயிரை ஏன் எடுக்கிற?"

அவள் பேசினாள். எதிர்முனையில் ஒரு பெண் குரல் இனிமையாக வணக்கம் சொன்னது. கொஞ்ச நேரம் தட்டச்சு செய்யும் சத்தம். "எங்க திரையில உங்க மூணு இடமும் பச்சையாதான் இருக்கு மேடம். லைன் நல்லா இருக்கு."

"லைன் நல்லா இருந்தா சீட்டு எங்கம்மா போகுது?"

"உங்க பிரிண்டர் ஒருதடவை அணைச்சுப் போட்டுப் பாருங்க மேடம்."

அணைத்துப் போட்டாள். மறுநாள் புகார் தீர்ந்துவிட்டதாகக் குறுஞ்செய்தி வந்தது. எதுவும் தீரவில்லை. மறுபடி போன் செய்தால் வேறொரு குரல் முதலிலிருந்து கதை கேட்டது, பச்சை என்றது, அணைத்துப் போடச் சொன்னது. மூன்றாவது குரல் பட்டறையின் பிரிண்டரே பழுதாக இருக்கலாம் என்றது. மற்ற இரண்டு கடைச் சீட்டுகளும் அதே பிரிண்டரில்தான் விழுகின்றன என்று அவள் சொன்னதற்கு, "அப்படியா மேடம், குறிச்சுக்கிறேன்" என்றது. கடைக்கு வந்த டெக்னீஷியன் பெட்டியில் எரியும் விளக்குகளைப் பார்த்தார், தலையாட்டினார், போனார்.

இதற்குள் வீட்டில் சண்டை முற்றியிருந்தது. பட்டறையில் சீட்டைத் தொலைத்துவிட்டு மறைக்கிறார்கள் என்று அண்ணன் வாய்தவறிச் சொல்லிவிட்டான். அக்காவின் கணவர் பட்டறைச் சாவியை மேஜையில் வைத்துவிட்டு, "இனி நீயே அரைச்சுக்கோ" என்று கிளம்பிவிட்டார். அக்கா இவளுக்குப் போன் செய்து அழுதாள். "உன் ஒயரால என் குடும்பம் ரெண்டாகப் போகுதுடி." அவர் மாலையிலேயே திரும்பி வந்துவிட்டார் என்பது வேறு விஷயம். ஆனால் வந்தவர் யாரிடமும் பேசவில்லை.

மூன்றாவது கடையில் ஒரு பஸ் டிரைவர் கண்ணாடிக்குக் கொடுத்திருந்தார். பழையது உடைந்துவிட்டது, கண்ணாடி இல்லாமல் வண்டி எடுக்க விடமாட்டார்கள். தினமும் வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பதை நிறுத்திவிட்டு, "வீட்ல சும்மா இருக்கறவனை வீட்லயும் மதிக்க மாட்டேங்கறாங்கம்மா" என்றார். அதைக் கேட்டதும் அவள் அவருடைய சீட்டைக் கையால் எழுதிக்கொண்டு, ஸ்கூட்டரை எடுத்து, வெயிலில் ஊரைக் கடந்து பட்டறைக்குப் போனாள். ஒவ்வொரு சிக்னலிலும் அந்த விற்பனைக்காரரை மனதாரத் திட்டினாள். ஒரே வீட்டின் இரண்டு ரூம்! எந்த வீட்டில் ஒரு ரூமிலிருந்து இன்னொரு ரூமுக்கு ஹெல்மெட் போட்டுக்கொண்டு போகிறார்கள்?

திரும்பி வந்ததும் போனை அண்ணன் கையில் திணித்தாள். "நீ பேசு. நான் சாப்பிடணும்." அண்ணன் அட்டகாசமாகத்தான் ஆரம்பித்தான். அவள் சாப்பிட்டுக் கை கழுவி வந்தபோது, குரல் தேய்ந்து, "இல்லீங்க, அணைச்சுப் போட்டாச்சுங்க" என்று கெஞ்சிக்கொண்டிருந்தான். அதன் பிறகு அவன் அவளைக் குறை சொல்லவில்லை. கொஞ்சம் பயந்த மாதிரிகூட இருந்தான்.

அடுத்த நாள் காலையில் மூன்றாவது கடைக்கு ஒரு போன் வந்தது. அவள்தான் எடுத்தாள்.

"நான் ஒரு பேக்கரியோட மேனேஜர் பேசறேங்க," என்றார் ஒரு பெண்மணி. "எங்க சமையலறைப் பிரிண்டர்ல உங்க கடை பேர் போட்டு என்னென்னமோ வருது. பசங்க இத்தனை நாளா கசக்கிப் போட்டிருக்காங்க. இன்னிக்குக் காலைல ஒருத்தன் எங்கிட்ட வந்து, 'அக்கா, இடது கண் மைனஸ் ரெண்டரைன்னு ஆர்டர் வந்திருக்கு, இது என்ன கேக்கு'ன்னு கேக்கறான்."

ஒயரக்கா பக்கத்தில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. "உங்க லைன் யாரோடதுங்க?" என்று கேட்டாள். அதே கம்பெனி. அந்த அம்மாவும் தங்கள் கிளைகளுக்கு நடுவே தனி லைன் வாங்கியிருந்தார். அவரும் அன்று காலையிலேயே புகார் கொடுத்திருந்தார். அவரிடமும் எல்லாம் பச்சையாக இருப்பதாகத்தான் சொல்லியிருந்தார்கள்.

"நாம ரெண்டு பேரும் சேர்ந்து பேசுவோமா?" என்றாள் ஒயரக்கா.

கம்பெனிக்குப் போன் போட்டு, ஒரே அழைப்பில் மூவரும் இணைந்தார்கள். இனிமையான குரல் வணக்கம் சொன்னது. விஷயத்தைக் கேட்டதும் கொஞ்சம் தடுமாறி, "ஒரு வாடிக்கையாளரைப் பத்தி இன்னொரு வாடிக்கையாளர்கிட்ட நாங்க பேசக்கூடாதுங்க மேடம்" என்றது.

"நீங்க பேச வேண்டாம்மா," என்றாள் ஒயரக்கா. அவள் குரல் உயர்ந்தே விட்டது. "எங்க கடைக்கு வந்தவங்க பேரு, போன் நம்பர், கண்ணோட கணக்கு எல்லாத்தையும் நீங்களே இவங்க சமையலறையில கொண்டுபோய்க் கொட்டிட்டீங்க. இதுக்கு மேல என்ன ரகசியம் பாக்கி இருக்கு? உங்க பெரியவரைக் கூப்பிடுங்க. அவர் வர்ற வரைக்கும் நாங்க ரெண்டு பேரும் வைக்க மாட்டோம்."

"வைக்க மாட்டோம்," என்றார் பேக்கரி அம்மா.

கடைசியில் ஒரு இன்ஜினியர் வந்தார். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு தன் திரையில் தேடினார். சற்று நேரத்தில், "ஐயோ" என்று மெல்லச் சொன்னது இருவருக்குமே கேட்டது. மூன்றாவது கடைக்கு இணைப்புக் கொடுத்தவர் கண்ணாடிக் கடையின் எண்ணைப் போடுவதற்குப் பதில் பேக்கரியின் எண்ணைப் போட்டிருந்தார். அதனால் அந்தக் கடை அன்றிலிருந்து பேக்கரியின் ஒரு கிளையாகவே இருந்திருக்கிறது. பட்டறைப் பிரிண்டருக்கு அவர்கள் லைனுக்குள் என்ன முகவரியோ, தற்செயலாக அதே முகவரிதான் பேக்கரி லைனுக்குள் சமையலறைப் பிரிண்டருக்கும்; சீட்டெல்லாம் அங்கே போய் விழுந்திருக்கின்றன. எந்த ஒயரும் அறுந்திருக்கவில்லை என்பதால் திரையில் எல்லாம் பச்சையாகவே தெரிந்திருக்கிறது.

எண்ணை மாற்றியதும் பட்டறையிலிருந்து அக்காவின் கணவர் போன் செய்தார். ரொம்ப நாளைக்குப் பிறகு அவர் குரலில் உயிர் இருந்தது. "வந்துடுச்சும்மா. சீட்டு வந்துடுச்சு. உங்க அண்ணன்கிட்ட போனைக் குடு." அண்ணன் வாங்கினான். எதிர்முனையில் என்ன சொன்னார் என்று தெரியவில்லை. "சரி மச்சான், தப்புதான் மச்சான்" என்பதை மட்டும் அண்ணன் திரும்பத் திரும்பச் சொன்னான்.

பேக்கரி அம்மா கசக்கிப் போட்டவற்றில் மிச்சம் கிடந்த சீட்டுகளைப் பொறுக்கித் தானே கொண்டுவந்து கொடுத்தார். சில ஒட்டிக்கொண்டிருந்தன, எல்லாவற்றிலும் மாவு. ஒயரக்கா அவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்து, அவற்றில் பெயர் இருந்தவர்களுக்கெல்லாம் போன் செய்து நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டாள். கம்பெனி செய்ய வேண்டிய வேலை அது. அவர்கள் செய்வார்கள் என்று அவள் காத்திருக்கவில்லை. சிலர் கத்தினார்கள். ஒருவர் மட்டும், "கேக்காவது நல்லா வந்துச்சா?" என்று கேட்டார்.

எல்லாம் முடிந்து இருட்டு அறைக்குள் போய் உட்கார்ந்தாள். எதிரே ஒரு பெரியவர் மோவாயை மெஷினில் வைத்துக் காத்திருந்தார். முதல் கண்ணாடியைப் போட்டு, "இது தெளிவா?" என்று ஆரம்பித்தாள்.

கதவு திறந்தது. "ஒயரக்கா..."

"பத்து நிமிஷம் எனக்கு ஒயரும் தெரியாது, ஒண்ணும் தெரியாது," என்றாள் திரும்பாமலே. "கதவைச் சாத்து."